பக்கத்து வீட்டுப் பெயர் வெட்டிய அண்டா

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் பணம் தங்கியதில்லை. அம்மா தையல் மெஷின் ஓட்டிய கார்மெண்ட்ஸில் சம்பளம் போட்ட அன்றே அப்பா அவள் கையை முறுக்கிப் பிடுங்கிக்கொள்வார். அதனால் ஓவர்டைம் காசை அம்மா பாத்திரமாக மாற்றினாள். ஒரு பித்தளை அண்டா, இரண்டு குடம், ஒரு வெண்கலப் பானை. நான்கும் பக்கத்து வீட்டு அக்காவின் பரணில் இருந்தன. அவற்றை அடகு வைத்துத்தான் என் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷக் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.

எதையும் கட்டம் போட்டு எழுதுவது என் பழக்கம். லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: பொருள், எடை, இருக்கும் இடம். மூன்றாவது கட்டத்தைப் போட்டிருக்கக் கூடாது.

ஒரு ஞாயிறு காலை, சீட்டாட்டத்துக்குத் தாள் கிழிக்க நோட்டைப் புரட்டிய அப்பா அதைப் படித்துவிட்டார்.

ஸ்டவ் முன்னால் குந்தியிருந்த அம்மாவைக் கொண்டையைப் பிடித்து இழுத்தார். ஸ்டவ் சரிந்து, கொதித்த பருப்பு அவள் தொடையில் கொட்டியது.

"எனக்குத் தெரியாம சேக்கிறியாடி? எவனுக்கு?"

அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் காதில் ஓர் அறை விழுந்தது. கொஞ்ச நேரம் விசில் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார். மீன் அரிந்துகொண்டிருந்த அக்கா அரிவாள்மனையோடு எழுந்து வந்தாள்.

"அண்டாவ எடு."

"எந்த அண்டாண்ணா? என் ஊட்ல இருக்கிறதுல எல்லாம் என் பேருதான் வெட்டியிருக்குது. வந்து படிச்சுப் பாரு."

வாங்கும்போதே கடையில் அக்காவின் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறாள் அம்மா. எனக்கே தெரியாது.

"உன் பொண்டாட்டி பேரு போட்டது எதுனா கெடச்சா எடுத்துனு போ. நீ சம்பாரிச்சு வாங்கினது ஒண்ணாவது இருக்குதா?"

தெருக்குழாயில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் அம்மாதான் அடி வாங்கினாள். வீட்டில் அம்மாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம் ஒன்று இருந்தது. அதை எடுத்து அவள் வலது மணிக்கட்டில் மூன்று முறை அடித்தார். இரண்டாவது அடியிலேயே எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் அக்கா தன் பெயரிலேயே எல்லாவற்றையும் அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்தாள். கை கூடிய பிறகும் அம்மாவால் துணியை ஊசிக்கு நேராகத் தள்ள முடியவில்லை. மெஷினிலிருந்து எடுத்து, சம்பளம் குறைந்த நூல் பிசிறு வெட்டும் வேலையில் போட்டார்கள்.

அதற்கெல்லாம் முன்பு, கட்டணம் கட்டிய அன்று அம்மாவிடம் ரசீதைக் காட்டினேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வாங்கிப் பார்த்தாள்.

"இத எங்கியும் எழுதி வெக்காத," என்றாள்.