டிப்ஸ் காசில் வியட்நாம்: ஒரு சப்ளையரின் ஐந்து நாள்

நான் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சைவ ஹோட்டலில் சப்ளையர். கீழே சாப்பாடு, மேலே லாட்ஜ். என் சம்பளத்திலும், பவர்லூம் கொட்டகையில் மனைவி பத்மா வாங்கும் கூலியிலும் வீடு நடக்கிறது. எனக்கு வரும் டிப்ஸ் காசை மட்டும் ஆறு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தோம். போன மாசி மாதம், தைக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்ததும், அந்தக் காசில் இருவரும் வியட்நாம் போய் வந்தோம். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

கிளம்பும் முன் வெளிநாட்டு ஹோட்டலிலும் பாரிலும் எவ்வளவு டிப்ஸ் வைப்பது என்று செல்போனில் தேடினேன். எல்லாம் கொடுக்கிறவர்கள் எழுதியது. வாங்குகிறவன் எழுதிய ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே இந்தப் பதிவு.

சென்னை டிராவல்ஸ் ஒன்றில் ஆளுக்கு ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் கட்டினோம். விமானம், நான்கு இரவு தங்கல், காலைச் சாப்பாடு, சுற்றிப் பார்க்கும் பஸ் எல்லாம் அதில் அடக்கம். விசாவுக்கு இருபத்தைந்து டாலர் தனி. திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். ஹோ சி மின் நகரத்துக்குச் சுமார் ஐந்து மணி நேரம் பறந்தோம். அங்கே பணத்துக்கு டாங் என்று பெயர். நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ முன்னூறு டாங். பத்தாயிரம் ரூபாய் மாற்றியதும் முப்பது லட்சம் கையில். பத்மா அதை எண்ணவே பயந்தாள்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வழிகாட்டி லின் என்கிற வியட்நாம் பெண், நிதானமாக ஆங்கிலம் பேசுவார். முதல் நாளே பஸ்ஸில் விளக்கிவிட்டார். இங்கே டிப்ஸ் கட்டாயமில்லை, வைக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், வைத்தால் சந்தோஷப்படுவார்கள். கையில் கொடுப்பதென்றால் இரண்டு கையாலும் கொடுங்கள், அதுதான் எங்கள் ஊர் மரியாதை என்றார்.

அறையைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு டிப்ஸ் வைத்ததில் எனக்கே ஒரு தப்பு நேர்ந்தது. முதல் காலை ஐம்பதாயிரம் டாங்கை, அதாவது நூற்று எழுபது ரூபாயை, மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் வந்தால் அறை பளிச்சென்று இருக்கிறது, பணம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நாங்கள் மறந்துவிட்டுப் போனது என்று நினைத்திருக்கிறார்கள். தலையணை மேல் வைக்க வேண்டும் என்று லின் சொன்னார். மறுநாள் அப்படியே செய்தேன், எடுத்துக்கொண்டார்கள்.

குழுவில் சென்னையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் இருந்தார். கடைக்காரர் என்றே சொல்கிறேன். முதல் நாள் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து என்ன தொழில் என்று கேட்டார். ஹோட்டல் சப்ளையர் என்றேன். அதற்குப் பிறகு அவர் மேஜையில் தண்ணீர் தீர்ந்தாலும், ஸ்பூன் வேண்டுமென்றாலும் என்னைப் பார்த்துத்தான் கை காட்டினார். பழக்க தோஷம், நானும் எழுந்து போய் எடுத்து வந்தேன். அன்று இரவு பத்மா பிடித்துக்கொண்டாள்.

“இன்னாத்துக்கு பாவா எழுந்து எழுந்து போற? இந்த அஞ்சு நாளு உனுக்கு இன்னொருத்தர் எடுத்தாந்து வைக்கட்டும்.”

பத்மா என் மாமன் மகள்; எங்கள் பக்கம் அத்தானைப் பாவா என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாவா என்றுதான் கூப்பிடுவாள். மறுநாளிலிருந்து நான் எழவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் லின் எங்களை மொட்டைமாடி பார் ஒன்றுக்கு அழைத்துப் போனார். கீழே ஆறு, படகுகள். எனக்கு ஒரு பீர், பத்மாவுக்கு எலுமிச்சை ஜூஸ். பரிமாறிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நெரிசலான மேஜைகளுக்கு நடுவே ஒரு தட்டில் ஐந்து கிளாஸ்களோடு அவள் வந்த லாவகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் மேஜையைத் தாண்டும்போது கடைக்காரர் போட்டோ எடுக்க எழுந்தார். திரும்பிப் பார்க்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அது அவள் இடுப்பில் இடித்தது. ஐந்து கிளாஸும் போயின. அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு ஒயின்.

அவர் போட்ட சத்தத்தில் மேனேஜர் ஓடி வந்தார். இவள் என்மேல் கொட்டிவிட்டாள், கிளாஸ் காசை இவள் சம்பளத்தில் பிடியுங்கள் என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கத்தினார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டபடியே குனிந்து வெறும் கையால் கண்ணாடியைப் பொறுக்கத் தொடங்கினாள். எங்கள் ஆட்கள் செல்போனைப் பார்த்தார்கள். அவர் எங்கள் குழு. இன்னும் இரண்டு நாள் அவரோடு ஒரே பஸ்ஸில் போக வேண்டும். பத்மா என் முதுகில் கை வைத்து, “போ பாவா” என்றாள்.

எழுந்து போனேன். “சார், நீங்க பின்னாடி பாக்காம நாற்காலிய தள்னீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒதுங்க எடமில்ல.”

“நீ சப்ளையருக்குத்தான பேசுவ” என்றார்.

“ஆங் சார், நான் சப்ளையர்தான். அதனாலதான் அந்தத் தட்டையே பாத்துகினு இருந்தேன்.”

லினிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் மேனேஜருக்கு மொழிபெயர்த்தார். அதற்குள் எங்கள் குழுவில் வேலூரிலிருந்து வந்த ஓர் அம்மா, தானும் பார்த்ததாகச் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்கச் சொன்னேன். பிடிக்க மாட்டோம் என்று மேனேஜர் அந்தப் பெண்ணின் எதிரிலேயே சொன்னார். கடைக்காரர் கீழே போய்விட்டார்.

கிளம்பும்போது ஒரு லட்சம் டாங்கை, நம் காசில் முன்னூற்று முப்பது ரூபாய் இருக்கும், இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பதினாறு வருடமாக, பில்லோடு வைக்கும் சோம்புத் தட்டுக்கு அடியிலிருந்து டிப்ஸ் எடுத்தவன் நான். கொடுக்கிற கைக்கு இத்தனை சந்தோஷம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவருக்கும் இதே வேலைதான் என்று லின் சொன்னதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ஒரு நேரத்தில் எத்தனை தட்டு தூக்குவீர்கள் என்று கேட்டாளாம். நான் கையைத் தூக்குவதற்குள் பத்மா ஏழு விரல் காட்டிவிட்டாள். உண்மையில் ஆறுதான். நான் திருத்தவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறும்போது கடைக்காரர் கிட்டே வந்து, ரூமுக்கு எவ்வளவு வைக்கணும் என்று தணிந்த குரலில் கேட்டார். ஐம்பதாயிரம், தலையணை மேல் என்றேன். விடுவிடுவென்று மாடி ஏறிப் போனார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு இரண்டு இடங்களில் ஐந்து சதவீதம் இருந்தது. அங்கே மேலே கொடுக்கத் தேவையில்லை, மனமிருந்தால் கொடுக்கலாம். பாரில் பில்லை அடுத்த பெரிய நோட்டுக்கு முழுதாக்கினால் போதும். வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் எங்களிடம் ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று டாலர் கேட்டார்கள். கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே விசாரியுங்கள். கிழிந்த நோட்டையும் நம் ஊர்ச் சில்லறையையும் டிப்ஸாகத் தள்ளிவிடாதீர்கள். வேறு நாட்டுக்கு வேறு வழக்கம் இருக்கும், அந்த ஊர்க்காரரிடமே கேளுங்கள். பட்ஜெட் இடிக்கிறதென்றால் ‘காம் ஓன்’, அதாவது நன்றி, என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். குற்றமில்லை. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதுதான் எந்த ஊரிலும் குற்றம்.

ஊர் திரும்பிய மறுநாளே வேலைக்குப் போனேன். ஹோட்டலில் எல்லோரும் கதை கேட்டார்கள். லாட்ஜ் அறைகளைச் சுத்தம் செய்யும் மேரியக்கா மட்டும் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, “அந்த பாஸ்போட்டு எப்டி எடுக்கறதுன்னு சொல்லு தம்பி. காசு மெதுவா சேரட்டும், அது மொதல்ல கையில இருக்கட்டும்” என்றார்.

வருகிற புதன்கிழமை பாஸ்போர்ட் ஆபீசுக்கு அவரை நான்தான் அழைத்துப் போகிறேன்.