கலங்கலில் மூட்டை எடுத்த நாள்

ஈரச் சாக்கின் வாடை பட்டால் போதும், இன்றைக்கும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்துவிடுவேன். உங்களில் பலருக்கு அது மளிகைக்கடை வாடை... எனக்கு அது ஏரி.

கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கம் வந்த புதிது. வீடு ஏரிக்கரைக்கு நேர் கீழே. வாசலில் நின்று நிமிர்ந்தால் கரை தெரியும், அதற்கு மேல்தான் வானம். தண்ணீர் நம் தலைக்கு மேலே நிற்கிறது என்பதே எனக்குப் புதுசு. ஊர்க்காரர்கள் அதன் கீழே நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள்.

பக்கத்து ஸ்கூலில் சோஷியல் டீச்சர் வேலை. அந்த வாரம் பாடம் இயற்கைப் பேரிடர். பூமியின் தட்டுகள் அடியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருக்கும், எப்போது நழுவி நிலம் ஆடும் என்று யாராலும் சொல்ல முடியாது. புயல் அப்படியில்லை, வெதுவெதுப்பான கடலில் உருவாகி, சொல்லிவிட்டுத்தான் வரும் என்று நடத்தினேன். சொல்லிவிட்டு வருவதற்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடும். கரையோரம் தாழ்வாகக் கட்டின கல் மேடை அது. அதன் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நின்றால் அடுத்த போக நெல்லுக்கு ஆகும் என்று. முந்தின வருஷம் வயல் காய்ந்த கோபம் வேறு... அந்தத் தடவை மூட்டையை நன்றாகவே உயர்த்தியிருந்தார்கள்.

டிவியில் புயல் படம் சுழன்றது. மூட்டையை எடுத்துவிடலாமே என்று பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் அண்ணனிடம் கேட்டேன்.

"கடலு எங்க கீது, நம்ம ஊரு எங்க கீது டீச்சரம்மா... காத்து அடிச்சிட்டுப் பூடும். தண்ணிய வுட்டா திரும்பி வருமா?"

காற்று பெரிதாக அடிக்கவில்லைதான். ஆனால் மழை... நிற்கவேயில்லை. மறுநாள் மதியம் பார்த்தால், கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிந்து மண் குழைந்த சோறு மாதிரி ஆகியிருந்தது. கரை உடைந்தால் முதலில் போவது எங்கள் தெரு.

ஆம்பளைகள் மூட்டையை எடுக்கக் கிளம்பினார்கள். தண்ணீர் ஏற்கெனவே மூட்டைக்கு மேலே வழிகிறது. ஒரு மூட்டை நகர்ந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். என் வீட்டுக்காரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்.

"நீங்க போவாதீங்க," என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"மூட்ட போட்டதே நாங்கதான். வேற யாரு வந்து எடுப்பாங்க? நீ அம்மாவ இட்டுக்கினு ஸ்கூலுக்குப் போ."

மாமியாரை ஸ்கூலில் உட்காரவைத்துவிட்டு நான் கரைக்கு ஓடினேன். மழையில் என் வீட்டுக்காரர் தலை மட்டும் தெரிந்தது. கடப்பாரையால் மூட்டையைக் குத்திக் கிழிக்கிறார்... மணல் கரைகிறது... திடீரென்று மேடை முழுக்கப் பழுப்புத் தண்ணீர் எகிறிப் பாய்ந்தது.

தலையைக் காணவில்லை.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள். எனக்குச் சாமி பேர் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

இழுத்துப் போட்டார்கள். இரண்டு முழங்கையிலும் தோல் இல்லை. இருமினார், எழுந்து உட்கார்ந்தார். "தண்ணி எறங்குதா பாரு," என்றார். அவ்வளவுதான். கீழே எங்கள் வயல் முழுகிப்போனது, கரை நின்றது. அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. அன்றைக்கு நடுங்கினது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் புயல் கடலில் இருக்கும்போதே போன் அலறுகிறது. எந்த ஏரி எவ்வளவு நிரம்பியது என்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடுகிறது. மூட்டை மட்டும் அப்படியேதான் அடுக்குகிறார்கள்.

போன வாரமும் அலர்ட் வந்தது. ஊர்க்காரர்கள் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள், என் வீட்டுக்காரரும் இருந்தார். இப்போதே மூட்டையை எடுங்கள் என்று போய் நின்றேன். கன்னியப்பன் அண்ணன் சிரித்தார்.

"டீச்சரம்மாவுக்கு இன்னும் பயம் போவல."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"எனக்குந்தான் போவல," என்றார்.