கடவில் நிற்கும் பசு

காங்கேயம் தாண்டி ஓரிடத்தில் டீ குடிக்க பஸ் நிற்கிறது. எதிரே கிளுவை வேலி போட்ட கொரங்காடு, மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். உள்ளே போக ஒரே ஒரு கடவுதான் இருக்கிறது. அந்த வழியில் ஒரு பசுவைக் குறுக்கே நிறுத்திக் கயிற்றைப் பிடித்திருக்கிறார் ஓர் அம்மா. வெளியே ஜீப் நிற்கிறது, பின்னால் அளவைக் கற்கள். புதுச் சாலைக்காக நிலம் அளக்க வந்திருக்கிறார்கள்.

"இத்தனை கோடிப் பேர் இருக்கற நாடும்மா. ரோடு வேண்டாமா?" என்கிறார் அதிகாரி.

"வேணுமுங்க. ரோட்டுல பில்லு மொளைக்குமுங்களா?"

டீக்கடையில் சிரிக்கிறார்கள்.

"நாடு முன்னேறணும்ல?"

"அத்தனை கோடியில நானும் ஒருத்திதானுங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதிகாரி போனை எடுக்கிறார். அந்த அம்மா சுற்றிலும் பார்க்கிறார். பக்கத்தில் டீ கிளாசோடு நிற்பவன் நான்தான்.

"ஏனுங்ண்ணா, இதைச் சித்த புடிங்க. பக்கத்துக் காட்டுக்காரங்களைக் கூட்டியாறேன்."

கயிற்றை என் கையில் திணித்துவிட்டு ஓடுகிறார். அதிகாரிகளை நான் முகம் பார்த்துப் பேசியதே இல்லை. ரேஷன் கடையில்கூட அதட்டினால் ஒதுங்கிவிடுவேன்.

"நீங்க எந்த ஊரு?" என்கிறார் அதிகாரி.

"கோபிங்க."

"அப்புறம் உங்களுக்கு என்னங்க? மாட்டை ஓரமா ஓட்டுங்க."

காது சுடுகிறது. நடத்துனர் விசில் ஊதுகிறார், மறுபடியும் ஊதுகிறார். என் பையோடு பஸ் கிளம்புகிறது. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன்.

"அவங்க வரட்டுங்க" என்கிறேன்.