தலையாட்டாத வெர்னா

வெளியே தெரியக்கூடாத வரிகளின் மேல் கறுப்பு மை பூசிய தாளை ஜன்னல் கண்ணாடியில் அப்பி, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறாள் வெர்னா டாலிவர். மைக்கு அடியில் ஏதாவது ஓர் எழுத்தின் வால் தெரிந்தால் இன்னொரு பூச்சு. பிறகு அதை நகலெடுத்து, அந்த நகலையும் ஜன்னலுக்குக் கொண்டுபோகிறாள். கவுண்ட்டருக்கு அப்பால் நிற்பவர் எவ்வளவு கனைத்தாலும் திரும்புவதில்லை. "அவசரம்னா நாளைக்கு வாங்க. இது அவசரத்துல செய்யற காரியமில்ல."

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், அணைக்குக் கீழே ஆறு திரும்பும் இடத்தில் இருக்கிறது ப்ரூவர்ஸ் பெண்ட் என்ற சிற்றூர். அங்கே மாவட்ட அலுவலகத்தில் அவள் தகவல் அதிகாரி. அரசாங்கக் காகிதம் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறாள். சாலை ஒப்பந்தம் யாருடைய மச்சானுக்குப் போனது, கமிஷனர்கள் அரசாங்கக் கணக்கில் எத்தனை தடவை விருந்து சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் கேட்ட மறுநாளே கைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட தாள்களை நீட்டும்போது அவள் உதட்டோரம் லேசாகத் துடிப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. வெளியே போகாதது ஒன்றே ஒன்றுதான். எவனாவது எதையாவது தகர்ப்பதாக மிரட்டியிருந்தால் அந்த மிரட்டல், அதை யார் விசாரிக்கிறார்கள், காவல் எங்கே இருக்கிறது, பாதுகாப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது. இவற்றைப் பொதுமக்களுக்குத் தர வேண்டாமென்று சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. "கேக்கறது உங்க உரிமை. இல்லைங்கறது என் வேலை" என்பாள்.

ஊர்க்காரங்களுக்கு மட்டுமாவது காட்டக்கூடாதா என்று யாராவது வாதம் செய்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வாள்: "எல்லாருக்கும் காட்டலாம். மிரட்டினவனும் அந்த எல்லாருல ஒருத்தன்தானே?"

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்க அவளுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. அதனால் மற்றதையெல்லாம் விசாரிப்பாள். "காரை எங்க விட்டீங்க, வெயில்லயா?" என்பாள், பதில் வந்ததும் எழுந்துபோய் வண்டியின் எண் பலகையைப் பார்த்துவிட்டு வருவாள். செருப்பில் எந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறது, பேனாவை எந்தக் கையில் பிடிக்கிறார் என்றெல்லாம் கவனிப்பாள். கல்லறைத் தோட்டத்தின் வரைபடம் கேட்டு வந்த பாதிரியாரையே, அவர் அதை எந்தப் பைக்குள் மடித்து வைக்கிறார் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். உணவகத்தில் முதுகு சுவரில் பட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். வீட்டுக்கு வரும் தபால் உறைகளிலிருந்து முகவரியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள்.

அவள் கணவர் மெர்ல், மர அறுவை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எப்படித்தான் அவளோடு குடித்தனம் நடத்துகிறாய் என்று கேட்டால் சிரிப்பார். "வீட்டுல ஒரு அறை பூட்டியிருக்குன்னு வெச்சுக்க. அந்தப் பக்கம் போகாம இருந்தாப் போச்சு."

போன மே மாதம் அவர் அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை அணைக்குப் போகும் சாலையில் மாவட்டக் காவல் தலைவர் ஷெரிஃப் ஆஸ்குட்டின் வண்டிகள் குறுக்கே நின்றன. மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, யாரோ அணைக்கு மிரட்டல் விட்டிருக்கிறார்கள் என்று. யார், எப்போது, எப்படி என்பது மட்டும் தெரியவில்லை. உணவகம் நடத்தும் ரோண்டா கையில் மாவு ஒட்டியிருக்க ஓடிவந்து மனு கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை. எல்லாருக்கும் ஒரே பதில், ஒரே வாசகம், ஒரே கையெழுத்து.

"ஏண்டி வெர்னா, என் கடை ஆத்தங்கரையில இருக்குடி. மாடியில என் அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. எனக்குமா இல்லைங்கறே?"

"உனக்கும்தான் ரோண்டா."

"நீ படிச்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

வெர்னா அடுத்த மனுவுக்குக் கையை நீட்டினாள். ஆனால் அவள் மேசையைக் கடந்துதான் எந்த மறுப்பும் போகும், அவள் படித்திருப்பாள் என்பது ஊருக்குத் தெரியும். காகிதம் கிடைக்காத ஊர் அவளையே படிக்க ஆரம்பித்தது. கடையில் அவள் தள்ளுவண்டியை எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்ப் புட்டி வாங்கினாளா? காரை மேட்டுப் பக்கம் முகம் வைத்து நிறுத்தியிருக்கிறாளா? முடிவெட்டும் இடத்தில் ஒருவன் மெர்லிடம், "என்ன மெர்ல், உன் வீட்டம்மா மலை மேல வாடகைக்கு எடம் பாக்கறாங்களாமே?" என்று கேட்டான். "உனக்கு யார் சொன்னா?" என்றார் மெர்ல். அப்படிக் கேட்டதே தப்பாய்ப் போயிற்று. பார், அவருக்கே தெரியவில்லை என்று கடை முழுக்க முணுமுணுத்தது.

புதன்கிழமை கூடத்துச் சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம் இல்லை. ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மெர்ல் ஆணியையே வெகுநேரம் பார்த்தார். நனையக்கூடாது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாளா? அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராது என்பதைவிட, வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் இருக்கும் அவள் தங்கை வீடுவரை போனார்; உள்ளே போக மனமில்லாமல் திரும்பினார். வழியில் படச் சட்டம் போடும் கடையில் தற்செயலாகக் கண் போயிற்று. அங்கே அவர்களுடைய படம் சாய்ந்திருந்தது, கண்ணாடி மாற்றுவதற்காக. வெட்கமாக இருந்தது. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள், எவ்வளவோ காலமாக விரிசல் விட்டிருந்த கண்ணாடியை இந்த வாரம் ஏன் மாற்ற வேண்டும் என்று மறுபடி மனம் குடைய ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மீன் விருந்து. தீயணைப்புத் தொண்டர்கள் வருடாவருடம் ஆற்றங்கரையில், அணைக்கு நேர் கீழே, ட்ரௌட் மீன் பொரித்துப் போடுவார்கள். எண்ணெய்க் கொப்பரைகளுக்கு மெர்ல்தான் தலைவர். வெர்னா ஒருபோதும் அங்கே போனதில்லை. மீன் வாடை அவளுக்கு ஆகாது. இந்த வருடம் அதுவே வம்பாகிவிட்டது. அவள் போனால் பயமில்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும். போகாவிட்டால் ஆபத்து என்று சொல்லும்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் மெர்ல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெர்ன், சனிக்கிழமை கரையில கொப்பரையை எறக்கட்டுமா, வேண்டாமா? வாயைத் தொறக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு."

வெர்னாவின் தலை அசையவில்லை. கண் இமைகூட அசையாமல் பிடித்து வைத்திருந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லமாட்டே மெர்ல். நீ கொப்பரையை எறக்கலைன்னா, அது சொல்லிடும்."

"அப்ப நான் போகணுமா?"

"அதையும் நீ என்கிட்ட கேக்கலைன்னு வெச்சுக்கறேன்."

அவர் உருளைக்கிழங்கை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். இவள் வாய் திறக்காமலே என்னை அந்தக் கரைக்கு அனுப்புவாளா? அணை உடைந்துபோவதைவிட அந்த நினைப்புதான் அவரை இரண்டு நாளும் வாட்டியது.

சனிக்கிழமை போனார். கொப்பரையை இறக்கினார், எண்ணெயைக் காய வைத்தார். மீன் வாங்க ஆளில்லை. பாதி ஊர் மேட்டுச் சாலையில் வண்டிகளை நிறுத்திக்கொண்டு, ரோண்டா கொண்டுவந்த தொலைநோக்கியைக் கைமாற்றிக் கைமாற்றி டாலிவர் வீட்டுக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வெர்னா துணி துவைக்கும் நாள். கூடையோடு வந்தாள், கொடியில் போர்வைகளை உதறிப் போட்டாள். "துணி காயப் போடறா! ஆபத்துன்னா எவளாவது துணி காயப் போடுவாளா?" வண்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கரையில் கூட்டம் சேர்ந்தது. மெர்லுடைய கைகளுக்கு வேலை வந்தது.

வண்டிகளின் சத்தமும் கூட்டத்தின் சத்தமும் கேட்டு வெர்னா நிமிர்ந்தாள். மேட்டையும் கரையையும் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். அப்புறம் சொட்டச் சொட்ட எல்லாத் துணியையும் உருவிக் கூடையில் திணித்து, உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

அதைக் கண்டதும், கரையில் தட்டுகள் அப்படியே கிடக்க, கூட்டம் மேட்டுக்கு ஓடியது. எண்ணெய் கொதிக்கும் கொப்பரை முன்னால் மெர்ல் மட்டும் நின்றார். தூரத்தில் தெரிந்த அவர் வீட்டில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. அவர் கால்களும் திரும்பத்தான் திரும்பின. ஆனால் கையில் மாவில் புரட்டிய மீன் இருந்தது. அதை எண்ணெயில் போட்டார். மிச்சமிருந்ததையும் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தால் சமையலறை நாற்காலிகளில் போர்வை, விளக்கின் மேல் தலையணை உறை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவருடைய சட்டைகள். தரையெல்லாம் தண்ணீர். நடுவில் வெர்னா.

"ஏன் இப்படி?"

"வெளிய போட்டா ஊரே படிக்குது."

இரண்டு வாரம் கழித்து ஷெரிஃப் செய்தியாளர்களிடம் பேசினார். மிரட்டியவன் பிடிபட்டுவிட்டான். ஆபத்து உண்மையானது, மீன் விருந்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைப் பிடிக்கும்வரை அது தலைமேல் இருந்தது. கூட்டாளி இருக்கிறானா என்று தெரிய வேண்டியிருந்ததால் அவன் பிடிபட்டதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இன்னொன்றும் சொன்னார். அந்த வாரம் தகவல் கேட்டு வரிசையில் நின்றவர்களில் அவனும் ஒருவன். காவலர்கள் எந்த நேரத்தில் மாறுகிறார்கள் என்று கேட்டிருந்தான். ரோண்டாவுக்குக் கொடுத்த அதே வாசகம்தான் அவனுக்கும் போயிருந்தது.

ரோண்டா மன்னிப்புக் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து சூடாக எடுத்த ஆப்பிள் பை பலகாரத்தைக் கொண்டுவந்து கவுண்ட்டரில் வைத்தாள். "எதுக்கு இது?" என்றாள் வெர்னா. "ஏண்டி, ஒருத்தி பலகாரம் கொண்டாந்தா அதுக்கும் மனு எழுதிக் குடுக்கணுமா?" என்று திட்டிவிட்டுப் போனாள் ரோண்டா.

அன்று சாயங்காலம் மெர்ல் தொண்டர்கள் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கையைச் சட்டையில் நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"வெர்ன். அவனைப் புடிச்சாச்சுன்னு அந்தச் சனிக்கிழமை காலையில, நான் கெளம்பறப்ப, உனக்குத் தெரியுமா?"

வெர்னா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சு அனுப்பினியா, தெரியாம அனுப்பினியா?"

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். அவருடைய மற்றக் கையையும் சட்டையில் நுழைத்து, இழுத்து நேராக்கி, கீழிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டு மேலே வந்தாள். கழுத்துப் பித்தானையும் போட்டாள். போட்டுவிட்டு, விரல்களை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நேரமாகிவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் எடுக்கவில்லை.