சாட்டிப் பாசியில் வளர்ந்த கிருமி

இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பிய தொண்ணூற்றாறாம் ஆண்டில்தான் வேலணை மீனலோசனிக்கு யாழ்ப்பாணக் கம்பஸில் வேலை கிடைத்தது. தாவரவியல் ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவி அவித்து அடுக்குவது அவளுடைய பொறுப்பு. பத்து வருடங்களாகத் தினமும் பண்ணைப் பாலம் கடந்து பஸ்ஸில் வந்து போனாள். கைதான் வேலை செய்யும். கண் மாணவர்களின் மேசையில் இருக்கும்.

இரண்டாயிரத்தாறில் கடைசி வருட மாணவி யூலியானா குப்பைமேனி இலையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். புண்ணில் சீழ் வைக்கும் கிருமியை அந்த இலைச்சாறு கொல்லுமா என்பதே அவளது கேள்வி. ஆகஸ்டில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைத்த ஏ-9 பாதை பூட்டுப்பட்டது. கிருமி வளர்க்க வேண்டிய அகார் தூள் கொழும்பிலிருந்து வரவில்லை.

“வேறை தலைப்பு எடும், பிள்ளை. இனி ஏலாது,” என்றார் விரிவுரையாளர்.

ஆறு மாத உழைப்பு. யூலியானா தண்ணீர்த் தொட்டியடியில் நின்று அழுதாள். மீனலோசனி கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனாள்.

“அந்தத் தூள் எதிலை செய்யிறது?”

“கடற்பாசியிலை, அக்கா.”

“அப்ப ஏன் அழுகிறீர்? எங்கடை வேலணைச் சாட்டிக் கரையிலை கஞ்சிப்பாசி கிடக்குதல்லோ. காய்ச்சிவிட்டால் கஞ்சி கட்டியாய் நிக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் சாட்டிக்குப் போய் ஒரு உரப்பை நிறையப் பாசி பொறுக்கினாள். காவலரணில் நின்ற நேவிக்காரன் பையைக் கொட்டிக் கிளறினான்.

“இது என்ன?”

“கஞ்சிக்கு,” என்றாள்.

ஏழு தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, வெளிறும்வரை வெயிலில் காயவைத்துக் காய்ச்சினாள். முதல் தடவை அது சளிபோல் ஓடியது. இரண்டாம் தடவை கட்டிப்பட்டது. ஆனால் கிருமி தடவும் கம்பி பட்டதும் கிழிந்தது. பிறகு பாசியை இரட்டிப்பாக்கி, பழைய வேட்டித் துணியால் இரண்டு தரம் வடித்தாள். கிருமிக்குத் தீனியாக இறைச்சிச் சாறு கலந்து, இருவருமாகக் கரி அடுப்பில் பிறஷர் குக்கரை வைத்து அவித்துத் தட்டுகளில் ஊற்றினார்கள். காலையில் தட்டைச் சரித்துப் பார்த்தபோது கூழ் அசையவில்லை. அதில் விட்ட கிருமியும் செழித்து வளர்ந்தது.

அடுத்தது சோதனை. வடிதாளில் வெட்டிய சின்ன வட்டங்களில் ஒன்றை இலை அவித்த தண்ணீரிலும், மற்றதை இலை ஊறிய ஸ்பிரிட்டிலும் நனைத்துக் காயவிட்டாள் யூலியானா. மீனலோசனி இடைமறித்தாள்.

“ஸ்பிரிட்தான் கிருமியைச் சாகடிச்சதெண்டு ஆரும் சொன்னால்?”

“அதுக்கும் ஒண்டு வைக்கவேணும், அக்கா,” என்று யூலியானா வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த மூன்றாவது வட்டத்தையும் காயவைத்து, மூன்றையும் கிருமி தடவிய தட்டில் வைத்து மூடினாள்.

மறுநாள் மூடியைத் திறந்தார்கள். வெறும் ஸ்பிரிட் வட்டத்தின் ஓரம்வரை கிருமி படர்ந்திருந்தது. ஸ்பிரிட்டில் இலை ஊறிய வட்டத்தைச் சுற்றி மட்டும் ஒரு விரலகலத்துக்குத் தெளிந்த வளையம். யூலியானா அவளைக் கட்டிப்பிடித்தாள். மீனலோசனி இலை அவித்த தண்ணீர் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சுற்றியும் கிருமி.

“அப்ப நாங்கள் சிரங்குக்கு அவிச்சு வார்த்ததெல்லாம் வீணோ?”

“அப்பிடிச் சொல்லேலாது, அக்கா. இந்தக் கிருமிக்கு, இந்தத் தட்டிலை அது வேலை செய்யேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

தெரியாததைத் தெரியாது என்று அந்தப் பிள்ளை சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

யூலியானா தேறி ஊர்காவற்றுறையில் விஞ்ஞான ஆசிரியையானாள். அவளுடைய ஆய்வேட்டில், வளர்ப்புக்கூழ் தயாரித்தவர் என்ற இடத்தில் மீனலோசனியின் முழுப்பெயர் இருந்தது. அடுத்து வந்த மாணவர்களுக்கும் அவளே பாசி காய்ச்சினாள். இரண்டாயிரத்தொன்பதில் பாதை திறந்து, வெள்ளைத் தூள் மறுபடி டின்களில் வந்தது. முதல் டின்னை உடைத்த மீனலோசனி, ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்; கடல் மணமே இல்லை.

“நல்லாய்த்தான் கழுவியிருக்கிறாங்கள்,” என்றாள்.