உப்பளத்தில் பெரியப்பா நடந்த கதை

எங்கள் பெரியப்பாவுக்கு நடக்கப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கே குதிரை வண்டி கொண்டுவரச் சொல்லுவார். வண்டிக்காரன் வந்து சேர்வதற்குள் அங்கே தாலி கட்டி முடித்துவிடுவார்கள். பந்திக்கு மட்டும் எப்படியோ முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்டவரைத் தினம் இரண்டு மைல் நடக்கச் சொல்லிவிட்டார் காரைக்குடி டாக்டர். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, ஒரு மாதம் நடந்து பாருங்கள், இறங்காவிட்டால் தினமும் ஊசிதான் என்றார். பெரியப்பாவுக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டவர் அவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

முதலில் ஊருக்குள்ளேயே நடக்க விட்டுப் பார்த்தார்கள். கோட்டையூர்ப் பக்கம் போய் வருகிறேன் என்று காலையில் கிளம்புவார். வழியெல்லாம் தெரிந்த வீடுகள். ஒரு வீட்டில் கந்தரப்பம், அடுத்த வீட்டில் வெள்ளைப் பணியாரம். "வேணாம்னா கோவிச்சுக்கிறாக, நான் என்ன செய்ய?" என்பார். திரும்பி வருவது டவுன் பஸ்ஸில்.

வழியில் வீடே இல்லாத ஊராகப் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா முடிவு செய்தாள். தொண்டிக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு உப்பளம் மூடிக் கிடந்தது. பெரியம்மாவின் அண்ணன் ஒரு காலத்தில் அங்கே மேஸ்திரியாக இருந்தவர். கம்பெனி போய் ஏழெட்டு வருஷமாகியும் மேனேஜர் இருந்த ஓட்டு வீடு மட்டும் ஒழுகாமல் இருந்தது. கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் அங்கே போய்த் தங்குவது என்று ஏற்பாடாயிற்று. மூன்று பேருக்கு ஒன்பது பித்தளைப் பாத்திரம், இரண்டு மரப்பெட்டி, ஒரு பெரிய பாட்டில் விளக்கெண்ணெய். வாரம் ஒருமுறை வயிற்றைச் சுத்தம் செய்தால்தான் சர்க்கரை இறங்கும் என்பது பெரியம்மாவின் சொந்த வைத்தியம்.

மூன்றாவது ஆள் நான். எனக்கு ஒன்பது வயது. பாசத்தில் ஒன்றும் என்னைக் கூட்டிப்போகவில்லை. என் வயிற்றில் எந்த ரகசியமும் தங்காது என்பது குடும்பத்துக்கே தெரியும். பெரியப்பா நடக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல அப்படி ஒரு ஓட்டைவாய் வேண்டியிருந்தது.

நடப்பதற்கு அதைவிடச் சுகமான இடம் கிடைக்காது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காய்ந்து வெளுத்த உப்புப் பாத்திகள். நடுவில் உப்பு ஏற்றிப்போன சின்னத் தண்டவாளம் வீட்டு வாசலிலிருந்து நேராக ஒரு மைல் ஓடியது. ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கூரை போன கிட்டங்கி, தண்ணீர் இறைத்த இறக்கை உடைந்த காற்றாடி எல்லாவற்றையும் தாண்டி, கடலுக்குள் நீண்ட ஒரு மரப்பாலத்தில் போய் முடிந்தது. பாலத்தடியில் மட்டும் அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. தினமும் அதில் ஒரு பூவைப் பறித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது பெரியம்மாவின் உத்தரவு. என் வாயை மட்டும் நம்பி அவள் இருந்துவிடவில்லை.

முதல் நாள் கால்வாசி வழியில் பெரியப்பாவின் இடது செருப்பு மணலில் கழன்று நின்றுவிட்டது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். முப்பது அடி போன பிறகு நான் கூப்பிட்டுச் சொன்னேன். குனிந்து காலைப் பார்த்து, "அட, ஆமா" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் அதற்குமேல் நடக்காமல் ஒரு பாத்தி வரப்பில் உட்கார்ந்துகொண்டார். பூவுக்கு நான்தான் ஓடினேன்.

இரண்டாம் நாளும் அவருக்கு வரப்பு, எனக்கு ஓட்டம். மூன்றாம் நாள் கிட்டங்கிக்குப் பின்னால், தண்டவாளத்தில் உப்பு இழுத்த ஒரு பழைய டிராலியைக் கண்டார். நாலு இரும்புச் சக்கரம், மேலே ஒரு பலகை. உப்பளத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். திருட ஒன்றுமில்லாத இடத்தை அத்தனை வருஷமாகக் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்துவந்த மனிதர்.

"சக்கரம் துருப்பிடிச்சுப் போச்சுங்கய்யா. யானைய வச்சு இழுத்தாலும் நகராது" என்றார் அவர்.

மறுநாள் பெரியப்பா இடுப்பில் ஒரு சின்னச் சீசாவைச் செருகிக்கொண்டு வந்தார். விளக்கெண்ணெய். அதற்கு மறுநாளும் அப்படியே. பாட்டிலில் எண்ணெய் குறைவதைப் பார்த்துப் பெரியம்மாவுக்கு ஒரே பூரிப்பு. கெஞ்சினாலும் குடிக்காத மனுஷர் தானாகவே குடிக்கிறார் என்று வாட்ச்மேனிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அவர் சிரிப்பை அடக்கப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் டிராலி நகர்ந்தது. ஏழாம் நாள் பெரியப்பா இரண்டு மூங்கிலை நட்டு, ஒரு பழைய எட்டு முழ வேட்டியைப் பாயாகக் கட்டினார். காலையில் அங்கே தென்காற்று நன்றாக வீசும். நாங்கள் இருவரும் பலகையில் உட்கார்ந்தோம். வேட்டி புடைத்தது. கிட்டங்கியும் காற்றாடியும் பின்னால் போயின. பெரியப்பா மகாராஜா மாதிரி தொடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது வாட்ச்மேன் தள்ளிக்கொண்டு வருவார். அவருக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை கிடைத்ததில் சந்தோஷம்.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கிட்டங்கி மறைவில் இறங்கிக்கொள்வோம். பெரியம்மா பூவை வாங்கிச் சாமி மாடத்தில் வைப்பாள்.

"இன்னிக்கு ஒழுங்கா நடந்தீகளா?"

"பாலம் வரைக்கும் போயிட்டு வந்தோம். வேணும்னா பிள்ளையக் கேளு."

நான் தலையை ஆட்டுவேன். என் வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். சொல்லிவிட்டால் டிராலி போய்விடுமே!

இருபதாவது நாள் காற்று வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. "ஆத்தா, கெட்டியாப் பிடிச்சுக்க" என்று பெரியப்பா என்னிடம் சொல்லும்போதே காற்றாடியைத் தாண்டிவிட்டோம். வேட்டியை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு இறுகிவிட்டது. பாலத்தின் மேல் கடகடவென்று ஓடியது டிராலி. தண்டவாளம் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கட்டை போட்டிருந்தார்கள். டிராலி அதில் இடித்து நின்றது. நான் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பெரியப்பா மட்டும் நிற்காமல் போய்க் கடலில் உட்கார்ந்தார்.

அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர். எழுந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரு உப்பச் சேத்துக்கக் கூடாதுன்னு வேற சொன்னாரு" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கரையேறி வந்தவரின் பின்னால் மணலில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. சிப்பி கிழித்து உள்ளங்கால் பிளந்திருந்தது. நான்தான் காட்டினேன். யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது எப்பப் பட்டுச்சு?"

என்ன தைரியம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் டிராலியை மறைத்து மிச்சத்தை எல்லாம் கொட்டிவிட்டேன். இவ்வளவு ரத்தம் வந்தும் பெரியப்பாவுக்கு வலிக்கவே இல்லை, அன்றைக்குச் செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

பெரியம்மா வெந்நீர் எடுத்துவந்தாள். காலைக் கழுவித் துணி சுற்றினாள். பிறகு அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பெரியப்பா சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருவிரலக் கிள்றேன். தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. வலிக்குது, விடு" என்றார் பெரியப்பா.

பெரியம்மா இன்னும் கையையே வைக்கவில்லை. வசமாக மாட்டிக்கொண்டார் என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். அவர்கள் இருவரும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போகும் என்பதும், தரை தெரியாத காலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அதை யாரிடமும் சொல்லப் பயந்து சோம்பேறி என்ற பெயரை வாங்கிக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போகப் புறப்பட்டோம். பஸ் நிற்கும் ரோடு பாலத்தடியைத் தாண்டிக் கரைப் பக்கமாக இருந்தது. வாசலில் பார்த்தால் வாட்ச்மேன் டிராலியோடு நிற்கிறார். பெரியம்மா விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து, மிச்சமிருந்ததை நாலு சக்கரத்துக்கும் ஊற்றினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் பெரியப்பா.

"துருவும் எண்ணெயுமா வர்ற உங்க வேட்டியத் தொவைக்கிறது யாரு? ஊர்க்காரகளா? உக்காருங்க."

பெரியப்பா பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன். பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாட்ச்மேனோடு சேர்ந்து தள்ளினாள். பாலத்தடியில் நிறுத்தி, தானே குனிந்து ஒரு பூவைப் பறித்துப் பெரியப்பாவின் கையில் வைத்தாள். அவர் அதைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார்.

பெரியம்மா தோற்றுப்போய் எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து, நான் பலகை மேல் ஏறி நின்று குதித்தேன்.