அமைதி காத்தவன்

அமைதி நாள் பேச்சுப் போட்டியில் நான் முதல் பரிசு வாங்கிய அன்றுதான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன். எழுபதைத் தாண்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

அப்போது தில்லி சரோஜினி நகரில் இருந்தோம். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா, இன்று இல்லாத ஒரு சிறிய தமிழ்ப் பள்ளியில் என் ஏழாம் வகுப்புக்கு ஆசிரியர். என் பேச்சை எழுதித் தந்தவரும் அவரே. "கற்றவன் கை ஓங்காது" என்ற இடத்தில் நிறுத்திக் கைதட்டலுக்குக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தார்.

போட்டி நாள் காலை, சுவரில் மாட்ட வைத்திருந்த புறாப் படத்தின் மேல் மைப்புட்டியைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி செல்வி, கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண், துடைக்க வந்தாள். கையெல்லாம் மை. உள்ளே நுழைந்த சித்தப்பா அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"நான் இல்ல சார்."

"அச்சா. அப்ப கையில என்ன, மருதாணியா?"

வகுப்பு சிரித்தது. அறை விழுந்தது. அவள் தலை பெஞ்சு விளிம்பில் மோதி, காதிலிருந்து ரத்தம் வந்தது. வீட்டில் பூனையைக்கூட அதட்டாதவர் சித்தப்பா.

"ஷாந்தி, ஷாந்தி. டேய் மானிட்டர், யாரும் பேசக் கூடாது." என்றார் சித்தப்பா.

இந்தியிலும் சரி, தமிழிலும் சரி, வாயை மூடுவதற்கும் சண்டையில்லாமல் வாழ்வதற்கும் எங்களுக்கு ஒரே சொல்தான். மானிட்டரான நான் உதட்டில் விரல் வைத்து நின்றேன். அரை மணி கழித்து மேடையேறினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். கைதட்டினார்கள்.

மறுநாள் செல்வியின் அப்பா வந்தார். சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. சித்தப்பாவைத் தேடவில்லை, வாசலில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, நீதான் பக்கத்துல நின்னியாமே. எம்பொண்ணுதான் கொட்டுச்சா?"

"தெரியலைங்க."

என் முகத்தைப் பார்த்தார்.

"சரி. அது பையை எடுத்துக் குடு."

கொடுத்தேன். தோளில் மாட்டிக்கொண்டு போனார். செல்வி பிறகு வரவேயில்லை. ஒரு பைக்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாரே என்றுதான் அன்று வியந்தேன்.